மண்டையோட்டைத் திறவாது மூளையைத் தொடும் மீயொலி

உடலின் உறுப்புகளுள் மூளையைப்போல் அரண் செய்து காக்கப்பட்டது பிறிதொன்று இல்லை எனலாம். தோல், எலும்பு, மூன்று உறைகள், உறைகளுக்கிடையே நீர் என அடுக்கடுக்கான காவலுக்குள் அது அமர்ந்திருக்கிறது. நலமுடையோர்க்கு இக்காவல் பெரும்பேறு. நோயுற்றோர்க்கோ அதுவே பெருந்தடை. கை நடுக்கத்தால் ஒரு குவளை நீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுசெல்ல இயலாத முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய கையில் குற்றமில்லை, தோளில் குற்றமில்லை. மூளையின் நடுவே தாலமஸ் என்னும் பகுதியில், மிகச் சிறிய ஓரிடத்தின் வழியே செல்லும் நரம்புச் செய்திகள் தாளம் பிறழ்ந்து போயிருக்கின்றன. பிழை எங்கே உள்ளது என்பதை மருத்துவர் அறிவார். ஆயினும் அவ்விடத்தை அடைவது எவ்வாறு என்பதே வினா.

இவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் அறிவியல் தேடிவரும் விடைகளுள் ஒன்று, குவிக்கப்பட்ட மீயொலியாகும். மண்டையோட்டைத் துளையிடாமல், கம்பி எதனையும் செருகாமல், வெளியிலிருந்தே ஒலியை அனுப்பி மூளையின் ஆழத்திலுள்ள ஒரு சிறு புள்ளியைத் தூண்டவோ அடக்கவோ முயலும் இம்முறையின் இயல்பையும், அதற்கு அடிப்படையாகிய கருவியின் அமைப்பையும், அதன் வரலாற்றையும், அது இன்று நிற்கும் நிலையையும் இக்கட்டுரையில் காண்போம்.

மூளையை அணுகும் வழிகள்

மூளையை மின்னால் தூண்டி நோய் தீர்க்கும் முயற்சி புதிதன்று. 1987 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் அலீம் லூயி பெனபிது என்னும் நரம்பு அறுவை மருத்துவர், மெல்லிய மின்முனையைத் தாலமஸ் பகுதியில் பொருத்தி, இடைவிடாத மின்துடிப்பால் நடுக்கத்தைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இம்முறை நற்பயன் தருவது, துல்லியமானது. ஆனால் மண்டையோட்டில் துளையிட வேண்டும். மூளைத் திசுவின் வழியே கம்பியைச் செலுத்த வேண்டும். மார்பின் தோலுக்கடியில் மின்கலத்தைப் பதிக்க வேண்டும். குருதிக் கசிவும் நோய்த்தொற்றும் அரியனவாயினும் நேரக்கூடியவை.

இதற்கு ஈராண்டுகள் முன்னர், 1985 இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தணி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். தலைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் நொடிப்பொழுது பெருமின்னோட்டத்தைப் பாய்ச்சினால் தோன்றும் காந்தப்புலம் எலும்பை ஊடுருவி மூளையின் மேற்பரப்பைத் தூண்டும் என அவர்கள் மெய்ப்பித்தனர். இம்முறையில் அறுவை இல்லை. எனினும் காந்தப்புலம் ஆழம் செல்லச் செல்ல விரைந்து குறைவது. ஆழத்திலுள்ள ஓரிடத்தைத் தூண்ட விழைந்தால், அதற்கு மேலுள்ள பகுதிகள் அனைத்தும் அதனினும் மிகுதியாகத் தூண்டப்படும்.

ஆக, முதல் முறை ஆழமும் துல்லியமும் உடையது. ஆனால் அறுவை வேண்டுவது. இரண்டாம் முறை அறுவை வேண்டாதது. ஆனால் ஆழம் எட்டாதது. அறுவையின்மை, ஆழம், துல்லியம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த வழி உண்டா? உண்டு என்னும் நம்பிக்கையைத் தருவதே மீயொலி.

மீயொலியும் அதன் அளவும்

'மீ' என்னும் சொல்லுக்கு மேல் என்பது பொருள். மனிதச் செவி கேட்கும் எல்லைக்கு மேற்பட்ட ஒலி மீயொலி. நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே நம் செவி உணரும். அதற்கு மேற்பட்ட ஒலி நம்மைச் சூழ்ந்திருப்பினும் நாம் அதனை அறியோம். கருவுற்ற மகளிர்க்கு எடுக்கப்படும் ஸ்கேன் இம்மீயொலியால் ஆவதே; ஆங்கே பயன்படுவது பெரும்பாலும் நொடிக்குப் பல மில்லியன் அதிர்வுகள் கொண்ட ஒலியாகும்.

மூளைத் தூண்டலுக்கோ அதனினும் தாழ்ந்த அதிர்வெண்ணே ஏற்றது. பொதுவாக நொடிக்கு 5 இலட்சம் அதிர்வு, அதாவது 500 கிலோ ஹெர்ட்ஸ் அளவினை ஆய்வாளர் தெரிந்தெடுக்கின்றனர். காரணம் யாது? அதிர்வெண் உயர உயர அலைநீளம் குறுகும். அலைநீளம் குறுகக் குறுக ஒலியைக் கூர்மையாகக் குவிக்கலாம். ஆயின் உயர் அதிர்வெண் ஒலியை எலும்பு மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும், சிதறவும் செய்யும். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணோ எலும்பை எளிதில் கடக்கும்; ஆனால் கூர்மை இழக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உடன்பாடே 500 கிலோ ஹெர்ட்ஸ். மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், இவ்வதிர்வெண்ணுக்குரிய அலைநீளம் 3 மில்லிமீட்டர் ஆகும். இந்த 3 மில்லிமீட்டர் என்னும் அளவை நினைவிற்கொள்வோம். பின்னர் வரும் செய்திகள் பலவும் இதனையே சுற்றியவை.

அழுத்தினால் மின்சாரம், மின்சாரத்தால் அசைவு

இத்துணை விரைவாக அதிரும் பொருளை எங்ஙனம் ஆக்குவது? தோலால் ஆகிய முரசு இதற்குப் பயன்படாது. விடை 1880 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கிடைத்தது. ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர், குவார்ட்ஸ் முதலிய சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். மறு ஆண்டிலேயே காபிரியேல் லிப்மான் என்பார், அழுத்தம் மின்னூட்டத்தைத் தருமாயின் மின்னழுத்தம் படிகத்தை நெளியச் செய்தல் வேண்டும் எனக் கணித வழியால் கூறினார். கியூரி உடன்பிறந்தார் அதனைச் சோதனையால் உறுதி செய்தனர்.

முதல் உலகப் போரின்போது இவ்விளைவு ஆய்வுக்கூடத்திலிருந்து கடலுக்குச் சென்றது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும்பொருட்டுப் பிரான்சின் பால் லாஞ்செவன் என்னும் இயற்பியலறிஞர் 1917 இல் குவார்ட்ஸ் தகட்டினால் ஆற்றல் மிகுந்த மீயொலியை உண்டாக்கினார். அவ்வொலிக்கற்றையின் வழியில் வந்த மீன்கள் மடிந்ததையும் அவர் குறித்தார். ஒலி உயிரைத் தொடும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று. 1929 இல் அமெரிக்காவின் நியூட்டன் ஹார்வி, தவளை, ஆமை ஆகியவற்றின் இதயத் தசையை மீயொலியால் தூண்டிச் சுருங்கச் செய்யலாம் என்று வெளியிட்டார். ஒலியால் அழிக்கலாம் என்பதோடு ஒலியால் தூண்டவும் கூடும் என்னும் கருத்து அன்றே பிறந்துவிட்டது.

பின்னாளில் குவார்ட்ஸின் இடத்தை ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் ஆகியவை கலந்த ஒருவகைப் பீங்கான் பிடித்துக்கொண்டது. 1950களில் உருவான இப்பீங்கான் குவார்ட்ஸைவிடப் பன்மடங்கு ஆற்றலோடு நெளிவது. வேண்டிய வடிவில் வார்க்கத் தக்கது. மின்னாற்றலை ஒலியாற்றலாக மாற்றும் இக்கருவியை ஆற்றல் மாற்றி என்பர். டிரான்ஸ்டியூசர் என்னும் சொல்லும் மருத்துவமனைகளில் வழங்குகிறது.

ஆற்றல் மாற்றியின் அமைப்பு

அமைப்பில் இக்கருவி எளிது. பீங்கான் தகட்டின் இருபுறமும் வெள்ளி போன்ற உலோகப் பூச்சு உண்டு. இப்பூச்சுகளுக்கிடையே மாறுதிசை மின்னழுத்தம் தரப்பட்டால் தகடு தடித்தும் மெலிந்தும் அதிரும். தகட்டின் தடிமன் அப்பொருளினுள் செல்லும் ஒலியின் அலைநீளத்தில் பாதியாக இருக்குமாயின் அதிர்வு உச்சநிலை அடையும். பீங்கானில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் செல்வதால், 500 கிலோ ஹெர்ட்ஸுக்கு வேண்டிய தடிமன் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்.

ஸ்கேன் கருவிக்கும் தூண்டல் கருவிக்கும் உள்ள வேறுபாடு இங்கே கருதத்தக்கது. ஸ்கேன் கருவி பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். ஒரு சிறு ஒலித்துணுக்கை அனுப்பியவுடன் வாய்மூடி, எதிரொலிக்குச் செவிசாய்க்க வேண்டும். ஆதலின் அதன் பின்புறத்தில் அதிர்வை விரைந்து அடக்கும் பொருள் வைக்கப்படுகிறது. தூண்டல் கருவியோ பேசினாற்போதும். அதன் பின்புறத்தில் பெரும்பாலும் காற்றே விடப்படுகிறது. பின்னோக்கிச் செல்லும் ஒலியைக் காற்று ஏற்காது திருப்பி அனுப்பிவிடுவதால் ஆற்றல் முழுவதும் முன்னோக்கிச் செல்லும்.

முன்புறத்திலோ நேர்மாறான தேவை. கடினமான பீங்கானிலிருந்து மென்மையான உடலுக்குள் ஒலி நேரே புகாது. எல்லையில் பெரும்பகுதி திரும்பிவிடும். எனவே இரண்டிற்கும் இடைப்பட்ட இயல்புடைய ஒரு மெல்லிய படலம், கால் அலைநீளத் தடிமனில் முன்முகத்தில் ஒட்டப்படுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இறங்க இடையில் ஒரு படி வைப்பதை ஒப்பது இது. கருவிக்கும் தலைக்கும் இடையே கூழ்மமோ காற்று நீக்கிய நீரோ வேண்டும். முடிக்குள் அகப்பட்ட மெல்லிய காற்றுப்படலம்கூட ஒலியைத் தடுத்துவிடும் என்பதால், முடியை வகிர்ந்து கூழ்மம் தடவுவதே சோதனைக்கூடத்தில் பொறுமையை வேண்டும் பணியாக உள்ளது.

ஒலியைக் குவித்தல்

உருப்பெருக்குக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்திராத சிறுவர் அரியர். ஒலியையும் அவ்வாறே குவிக்கலாம். அதற்கு வழிகள் மூன்று. பீங்கானையே கிண்ணம்போல் உட்குழிவாக வார்ப்பது ஒன்று. கிண்ணத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் புறப்படும் அலைகள் அதன் மையத்தை ஒரே நேரத்தில் அடையும். தட்டையான பீங்கானின் முன் ஒலிவில்லை ஒன்றை வைப்பது மற்றொன்று. ஒளியியல் பயின்ற மாணவர்க்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. கண்ணாடியில் ஒளி காற்றைவிட மெதுவாகச் செல்வதால் குவிக்கும் வில்லை புடைத்திருக்கும். நெகிழிகள் பலவற்றிலோ ஒலி நீரைவிட விரைந்து செல்லும். ஆகவே ஒலியைக் குவிக்கும் நெகிழிவில்லை உட்குழிந்திருத்தல் வேண்டும். மூன்றாம் வழி, பல சிறு ஆற்றல் மாற்றிகளை அணிவகுத்து, ஒவ்வொன்றையும் சிறிது முன்பின்னாக ஒலிக்கச் செய்வது. இதன் சிறப்பைப் பின்னர்க் காண்போம்.

குவிந்த ஒலியின் அளவு என்ன? 64 மில்லிமீட்டர் விட்டமும் அதே அளவு குவியத் தொலைவும் உடைய கிண்ணம் ஒன்றைக் கொள்வோம். 500 கிலோ ஹெர்ட்ஸில் அதன் குவியம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட நீள்வட்டமாக அமையும். வடிவிலும் அளவிலும் அது ஒரு பேரீச்சங்கொட்டையை ஒத்தது. கிண்ணத்தின் வாய்ப்பரப்பு 32 சதுர சென்டிமீட்டர். குவியத்தின் குறுக்குப்பரப்பு அதில் ஏறத்தாழ 250 இல் ஒரு பங்கு. ஆகவே தோலின்மீது மென்மையாகப் பரவிச் செல்லும் ஒலி, உள்ளே அப்பேரீச்சங்கொட்டை அளவான இடத்தில் மட்டும் செறிவு மிகுந்து நிற்கும். வழியிலுள்ள திசுக்கள் தீங்குறாமல் ஆழத்தை மட்டும் தொடும் மறைபொருள் இதுவே. எலும்பு குறுக்கிடாத நிலையில் போட்ட கணக்கு இது என்பதை மறத்தலாகாது.

மண்டையோடு என்னும் தடை

எலும்பு மூன்று வகையில் இடையூறு செய்கிறது. ஒலியின் ஒரு பகுதியைத் திருப்பி விடுகிறது. ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. எஞ்சியதன் ஒழுங்கைக் குலைக்கிறது. இவற்றுள் மூன்றாவதே பெரும் இடர்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குவோம். மண்டையோட்டு எலும்பில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 2,800 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் தொலைவைக் கடக்க நீரில் 0.67 மைக்ரோ நொடியும், எலும்பில் 0.36 மைக்ரோ நொடியும் ஆகும். எனவே எலும்பின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அலையை 0.31 மைக்ரோ நொடி முந்திக்கொள்ளச் செய்கிறது. மண்டையோட்டின் தடிமன் எங்கும் ஒரே அளவினதன்று. ஓரிடத்தில் மற்றோரிடத்தைவிட 3 மில்லிமீட்டர் மிகுந்திருப்பின், அவ்விரு இடங்களின் வழியே வரும் அலைகளுக்கிடையே 0.93 மைக்ரோ நொடி வேறுபாடு உண்டாகும். 500 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழு அதிர்வுக்கு ஆகும் நேரம் 2 மைக்ரோ நொடி. அதில் பாதி 1 மைக்ரோ நொடி. அஃதாவது ஓரலை முகட்டோடு வரும்போது மற்றோரலை பள்ளத்தோடு வந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒருங்கு சேர வேண்டியவை ஒன்றோடொன்று மோதி மாய்கின்றன.

இவ்விடையூற்றால்தான் அக்கால ஆய்வாளர் எலும்பை அகற்றியே பணி செய்தனர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிரை, பிரான்சிஸ் ஃபிரை என்னும் உடன்பிறந்தார், 1950களில் மீயொலியைக் குவித்து மூளையில் துல்லியமாகச் செலுத்தும் கருவிகளை அமைத்தனர். நோயாளிகளுக்கும் அது பயன்படுத்தப்பட்டது. ஆயின் மண்டையோட்டின் ஒரு பகுதியை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. அறுவையின்றி மூளையைத் தொடும் கருவிக்கு அறுவையே வாயிலாக இருந்த முரணை அவர்களாலும் கடக்க இயலவில்லை.

தடையை வென்றது அணிவகுப்பு முறையே. ஒவ்வொரு சிறு ஆற்றல் மாற்றிக்கும் எதிரேயுள்ள எலும்பின் தடிமனைக் கணினி எக்ஸ்ரே படத்தால் அளந்து, அவ்வெலும்பு எவ்வளவு முந்தச் செய்யுமோ அவ்வளவு காலம் தாழ்த்தி அம்மாற்றியை ஒலிக்கச் செய்தால், எல்லா அலைகளும் குவியத்தில் மீண்டும் ஒருங்கு சேரும். பாரிசில் மத்தியாஸ் ஃபிங்க் குழுவினர் வகுத்த காலத் திருப்ப முறையும், பாஸ்டனில் குல்லர்வோ ஹைனினென் குழுவினர் செய்த சோதனைகளும் இதற்கு வழிகோலின. முழு மண்டையோட்டின் ஊடே ஒலியைக் குவித்தல் கூடும் என்பதை ஹைனினெனும் யோலெசும் 1998 இல் வெளியிட்டனர். பின்னர் 1,024 ஆற்றல் மாற்றிகளை அரைக்கோள வடிவில் பதித்த தலைக்கவசம் உருவாகியது.

சுடுதலும் தூண்டுதலும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மேற்கூறிய 1,024 மாற்றிகள் கொண்ட கருவி முதற்கண் பயன்பட்டது தூண்டுவதற்கன்று, சுடுவதற்கு. காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியினுள் நோயாளியைக் கிடத்தி, தாலமஸின் ஒரு சிறு புள்ளியை 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அவ்விடத்து நரம்பணுக்கள் மடியும், நடுக்கம் தணியும். 76 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்த சோதனை 2016 இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசின் இசைவும் கிடைத்தது. இது மருத்துவத்தில் நிலைபெற்றுவிட்ட முறை. ஆனால் சுட்டது சுட்டதே. அதனை மீட்க இயலாது.

தூண்டலோ வேறு. இங்கே ஒலியின் செறிவு மிகக் குறைவு. சூடு ஏறக்குறைய இல்லை. கருவியை நிறுத்தினால் விளைவும் சிறிது நேரத்தில் நீங்கும். முன்னது எழுதியதைக் கத்தியால் சுரண்டுவது. பின்னது கரும்பலகையில் எழுதி அழிப்பது. 2014 இல் வில்லியம் டைலரின் குழு வெளியிட்ட சோதனையில், 500 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி 360 மைக்ரோ நொடி நீளமுள்ள துடிப்புகளாக, நொடிக்கு 1,000 துடிப்பு வீதம் அரை நொடி நேரம் செலுத்தப்பட்டது. மனிதரின் தொடுவுணர்வு மூளைப்பகுதியில் மின்மறுமொழி குறைந்ததும், அடுத்தடுத்த இரு தொடுகைகளைப் பிரித்தறியும் திறன் மேம்பட்டதும் அதிற் காணப்பட்டன. அதற்கு முன்னர், 2008 இல் மூளைத் துண்டங்களிலும் 2010 இல் உயிருள்ள சுண்டெலிகளிலும் மீயொலி நரம்பணுக்களைத் தூண்டுவதை அக்குழு காட்டியிருந்தது.

நரம்பணு மறுமொழி தருவது ஏன்

மின்சாரம் நரம்பணுவைத் தூண்டுவதில் வியப்பில்லை. நரம்பின் மொழியே மின்சாரம். ஒலி வெறும் அழுத்தம். அதனை நரம்பணு எங்ஙனம் உணரும்? உயிரணுவின் உறையில் அயனிகள் சென்றுவரும் நுண்ணிய வாயில்கள் பல உள. அவற்றுட் சில, உறை இழுபட்டால் திறக்கும் தன்மையன. 2010 இல் ஆர்டெம் படபூட்டியன் என்னும் அறிஞர் அத்தகைய வாயில்கள் இரண்டைக் கண்டறிந்து அவற்றுக்குப் பியசோ என்று பெயரிட்டார். இத்துறைப் பணிக்காக 2021 இல் டேவிட் ஜூலியசுடன் நோபல் பரிசும் பெற்றார். அழுத்துதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது அப்பெயர். கியூரி உடன்பிறந்தாரின் படிகத்திற்கும் மேனாட்டார் அதே சொல்லடியிலிருந்தே பெயர் வைத்தனர். ஆற்றல் மாற்றியில் மின்சாரம் அழுத்தமாகிறது. நரம்பணுவில் அழுத்தம் மீண்டும் மின்சாரமாகிறது. இரு முனையிலும் ஒரே பெயர் நிற்பது பொருத்தமே.

2022 இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார், வளர்ப்புக் கலத்திலுள்ள நரம்பணுக்களில் இதனை ஆராய்ந்து, வெப்பமோ குமிழிகளோ காரணமல்ல என்றும், அழுத்தமுணர் வாயில்கள் வழியே கால்சியம் புகுவதே தொடக்கம் என்றும், பிற வாயில்கள் அதனைப் பெருக்குகின்றன என்றும் கண்டனர். முழு மூளையில் நிகழ்வதும் இதுவேயா என்பது இன்னும் ஆய்விலுள்ள வினா.

செவி செய்த குழப்பம்

அறிவியலில் வெற்றிச் செய்தியைவிடப் பாடம் புகட்டுவது ஐயச் செய்தி. 2018 இல் நியூரான் என்னும் இதழில் ஒரே காலத்தில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. கினிப்பன்றிகளிலும் சுண்டெலிகளிலும் மீயொலியைச் செலுத்தி நோக்கிய அவ்விரு குழுவினரும், மூளையில் எழுந்த கிளர்ச்சியின் பெரும்பகுதி செவிவழி வந்தது எனக் கண்டனர். செவியின் செயலை நீக்கியதும் அக்கிளர்ச்சி மறைந்தது, அல்லது பெரிதும் குறைந்தது.

500 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியைச் செவி கேளாதே எனலாம். மெய்யே. ஆனால் அவ்வொலி நொடிக்கு 1,000 முறை விட்டுவிட்டு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பும் தொடங்கும்போதும் முடியும்போதும் எலும்பைச் சிறிது தட்டுகிறது. நொடிக்கு 1,000 தட்டு என்பது நன்றாகக் கேட்கும் ஒலி. அது எலும்பின் வழியே உட்செவியை அடைகிறது. விலங்கு திடுக்கிட்டுக் காலசைத்தால், மூளையைத் தூண்டியதால் கால் அசைந்தது என்று கொள்ளக்கூடும். உண்மையில் அது ஓசை கேட்டு அசைந்திருக்கலாம்.

பல்லாண்டு உழைப்பின் மீது விழுந்த இந்த ஐயத்தை ஆய்வாளர் மறைக்கவில்லை, எதிர்கொண்டனர். 2019 இல் பிறவியிலேயே செவிடாக்கப்பட்ட சுண்டெலிகளிலும் மீயொலியால் தசையசைவு எழுவதை ஒரு குழு காட்டியது; ஆகவே செவி மட்டுமே காரணமன்று என்பது தெளிவாயிற்று. துடிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் சரிவாக்கி, தட்டும் ஓசை எழாமல் செய்யும் முறை வந்தது. சோதனைக்கு வருவோர் காதில் மறைப்பொலி கேட்கச் செய்வதும், ஒலி குவியாத போலிச் சோதனையோடு ஒப்பிடுவதும் வழக்கமாயின. ஐயத்தால் இத்துறை அழியவில்லை, தூய்மையுற்றது.

1958 முதல் 2025 வரை

இவ்வரலாற்றின் இரு முனைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து. 1958 இல் ஃபிரை உடன்பிறந்தார் குழு சயன்ஸ் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. கண்ணிலிருந்து வரும் செய்தியை மூளையின் பார்வைப் பகுதிக்கு அனுப்பும் இடைநிலையம் ஒன்று தாலமஸில் உள்ளது. பூனையின் அவ்விடத்தில் மீயொலியைக் குவித்தபோது, ஒளியைக் காட்டினால் பார்வைப் பகுதியில் எழ வேண்டிய மின்மறுமொழி தணிந்தது. ஒலியை நிறுத்தியபின் அது மீண்டது. மீளத்தக்க மாற்றம் என்பதே அக்கண்டுபிடிப்பின் உயிர்நிலை.

2025 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியையும் ஆக்ஸ்ஃபோர்டையும் சார்ந்த ஆய்வாளர், 256 ஆற்றல் மாற்றிகள் கொண்ட தலைக்கவசம் ஒன்றைப் பற்றி வெளியிட்டனர். முந்திய ஆழ்மூளை மீயொலிக் கருவிகளைவிட ஏறத்தாழ 30 மடங்கு சிறிய இடத்தில் அது ஒலியைக் குவிக்கும் என்பர். அவர்கள் தெரிந்தெடுத்த இலக்கு எது? அதே இடைநிலையம்தான், ஆனால் இம்முறை மனித மூளையில், எலும்பைத் தொடாமல். தாமே முன்வந்த எழுவர் கட்டங்கள் மின்னும் படத்தைப் பார்த்திருக்க, ஒருவகைத் துடிப்பால் பார்வைப் பகுதியின் செயல் மிகுந்தது. வேறொருவகைத் துடிப்பால் குறைந்து, 40 நிமிடம் வரையேனும் அவ்வாறே நீடித்தது. அறுபத்தேழு ஆண்டுகளில் அறிவியல் கடந்துவந்த தொலைவு, மண்டையோட்டின் சில மில்லிமீட்டர் தடிமனே. அத்தடிமனைக் கடக்கப் படிகவியலும், கணினியும், படக்கருவியும், நரம்பியலும் ஒன்றுகூட வேண்டியிருந்தது.

பாதுகாப்பும் அறமும்

மென்மையாயினும் ஒலி ஓர் ஆற்றலே. அளவு மீறினால் திசு சூடாகும். அழுத்தம் மிகத் தாழும்போது திசுவினுள் நுண்குமிழிகள் தோன்றிச் சிதைவு நேரலாம். ஆதலின் எந்திரக் குறியீட்டெண் 1.9 ஐயும், வெப்ப உயர்வு 2 பாகை செல்சியஸையும் மிகாதிருக்க வேண்டும் எனத் துறைவல்லுநர் வகுத்துள்ளனர். தூண்டலால் மனச்சோர்வு, வலி, வலிப்பு முதலியவற்றுக்குத் தீர்வு காணும் சோதனைகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. எனினும் அவை சோதனைகளே. எல்லார்க்கும் உரிய மருத்துவமாக இன்னும் முதிரவில்லை. பங்கேற்றோர் தொகை பெரும்பாலும் சிறிது. ஒருவர்க்கு ஏற்ற அளவு மற்றொருவர்க்கு ஏற்குமா என்பதும், விளைவு எத்துணை நாள் நிற்கும் என்பதும் முடிவாகவில்லை.

எனவே இத்தகைய மருத்துவம் எவரேனும் விலைபேசி வரும்போது, அறிவுடையோர் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். இக்கருவி சுடுவதா, தூண்டுவதா? என் மண்டையோட்டின் தடிமன் அளக்கப்பட்டதா? போலிச் சோதனையோடு ஒப்பிட்டுப் பயன் மெய்ப்பிக்கப்பட்டதா? செவிவழி மயக்கம் நீக்கப்பட்டதா? இந்நான்குக்கும் நேரிய விடை தருவோரை நம்பலாம். விடை தராது புகழுரை கூறுவோரை விலக்கலாம்.

இங்குதான் மொழி கற்போர்க்கும் இத்துறையில் இடம் உண்டு என நாம் கருதுகிறோம். மூளையைத் தொடும் மருத்துவத்திற்கு இசைவு தருமாறு நோயாளியிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. அத்தாளில் உள்ளது அவர்க்குப் புரியாத மொழியாயின், அவர் இடும் கையொப்பம் இசைவாகுமா? மீளத்தக்கது எது, மீளாதது எது என்பதைத் தாய்மொழியில் ஐயமற எழுதிக் காட்டும் பணி மருத்துவரால் மட்டும் ஆவதன்று. மீயொலி, குவியம், ஆற்றல் மாற்றி, அழுத்தமுணர் வாயில் என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைப் பொருளறிந்து ஆளப் பழகுதலும், இயற்பியல் வகுப்பு மாணவரும் தமிழ் வகுப்பு மாணவரும் ஒருங்கிருந்து அறிவியல் நூல்களைத் தமிழில் ஆக்குதலும் இன்று செய்யத்தக்கன.

கை நடுங்கும் முதியவர் குவளை நீரைச் சிந்தாமல் பருகும் நாள் பலர்க்கு ஏற்கெனவே வந்துவிட்டது. சுடாமலும் துளையிடாமலும் அதனைச் செய்யும் நாளும் வரக்கூடும். அதனை விரைவுபடுத்துவது ஆர்வம். வழுவாது காப்பது ஐயம். இவ்விரண்டையும் ஒருங்கே உடைய ஆய்வாளர் நம் மாணவரிடையேயும் தோன்றுவாராக.